தொழுவத்து வாசலில் தொடங்குகிற காவல்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில், ஒரு நாட்டின் பண்ணைகளையும் உணவையும் யாராவது வேண்டுமென்றே தாக்கினால் என்ன ஆகும், எப்படித் தடுப்பது என்று இந்தப் பக்கத்தில் சுருக்கமாக எழுதியிருந்தேன். வழக்கமாக மடிநோய், கன்று வளர்ப்பு என்று கேட்கிறவர்கள்கூட இந்த முறை இதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம், அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐயா, பயிரிலும் மாட்டிலும் நோயைப் பரப்பி ஒரு நாட்டை வீழ்த்துவது என்பதெல்லாம் கதைக்கு நன்றாக இருக்கும். நிஜத்தில் யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில், 1915-ல், அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம். அங்கிருந்து நேச நாடுகளுக்குக் கப்பலேற்றுவதற்காகக் காத்திருந்த குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் ஜெர்மனியின் ஆட்கள் கிளாண்டர்ஸ் (குதிரைகளைக் கொல்லும் ஒரு தொற்று), அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) ஆகிய நோய்களின் கிருமிகளைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பீரங்கியை இழுத்ததும் சோறு தண்ணீர் சுமந்ததும் குதிரைதான், ஆகவே குதிரையை அடித்தால் படை நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், ஜெர்மனியின் மாடுகளைக் குறிவைத்து அடைப்பான் கிருமி வைத்த தீவன வில்லைகளை 50 லட்சம் அளவுக்குத் தயாரித்து வைத்திருந்தது. அவற்றைப் பயன்படுத்தவில்லை, பிறகு அழித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கிருமியைச் சோதித்துப் பார்த்த ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவின் கதை வேறு. 1942-ல் அங்கே ஆடுகளைக் கட்டிவைத்துச் சோதித்தார்கள், அந்த மண்ணில் இனி மனிதர்கள் கால் வைக்கலாம் என்று அறிவித்தது 1990-ல். 48 வருஷம்! ஒரு சின்னத் தீவைச் சுத்தம் செய்யவே இவ்வளவு காலம் என்றால் ஒரு மாவட்டத்தின் மேய்ச்சல் நிலம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா கோதுமைத் துருநோய், நெல் குலைநோய் ஆகியவற்றின் பூஞ்சைகளை ஆயுதமாகவே சேமித்து வைத்திருந்தது. 1969-ல் அதிபர் நிக்சன் அந்தத் திட்டத்தை நிறுத்தினார். சோவியத் ஒன்றியத்திலும் பயிர், கால்நடை நோய்களுக்கென்றே தனியாக ஒரு திட்டம் நடந்தது. 1972-ல் கையெழுத்துக்கு வந்து 1975-ல் நடைமுறைக்கு வந்த உயிரி ஆயுதத் தடை ஒப்பந்தம் மனிதர்களுக்கு எதிரான கிருமிகளை மட்டுமல்லாமல் பயிருக்கும் கால்நடைக்கும் எதிரானவற்றையும் சேர்த்தே தடை செய்கிறது.

அப்புறம் இன்னொன்று, இதைச் செய்ய எதிரி நாட்டுக்காரன்தான் வர வேண்டும் என்றில்லை. நியூசிலாந்தில் முயல் தொல்லையை ஒழிக்க ஒரு முயல் வைரஸை இறக்குமதி செய்யலாமா என்று கேட்டார்கள், 1997-ல் அரசு முடியாது என்று சொல்லிவிட்டது. அடுத்த சில வாரங்களிலேயே அந்த வைரஸ் நாட்டுக்குள் வந்திருந்தது, கடத்திக் கொண்டுவந்து பரப்பியதும் விவசாயிகளே. அரசால் அதைத் திருப்பி அடைக்க முடியவில்லை. அவர்கள் யாரையும் பகைத்துச் செய்யவில்லை, தங்கள் மேய்ச்சலைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனாலும் எல்லையில் ஒரு நாடு வைத்திருந்த காவல் எவ்வளவு சுலபமாகத் தோற்றது என்பதை நான் மறப்பதில்லை.

எந்தக் கிருமி, எவ்வளவு, எந்த இடத்தில் கலப்பார்கள் என்று விவரமாக எழுதினால் நாங்கள் எச்சரிக்கையாக இருப்போமே?

எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காவலுக்கு அந்த விவரம் தேவையே இல்லை. என்ன அறிகுறியைப் பார்த்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால் போதும், அதைத்தான் கீழே முடிந்தவரை சொல்கிறேன்.

கோமாரி நோய் (வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வருகிற வைரஸ் நோய்) மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்கிறார்கள். வளர்ந்த மாடுகளும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. அப்படியானால் அதைப் பார்த்து நாடுகள் ஏன் இப்படி நடுங்குகின்றன?

நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது சரி, வளர்ந்த மாடு பெரும்பாலும் சாகாது, கன்றுகள்தான் இதயம் பாதித்துச் சட்டென்று விழும். ஆனால் நாட்டை முடக்குவதற்கு மாடு சாக வேண்டிய அவசியமில்லை. கோமாரி பரவுகிற வேகம் அப்படி. மாடு, ஆடு, பன்றி என்று பிளவுபட்ட குளம்புள்ள எதையும் அது விடாது. சாணம், எச்சில், பால், செருப்பு, வண்டிச் சக்கரம், சில சமயம் காற்று, எதிலும் போகும். நோய் இல்லாத நாடு என்று பெயர் வாங்கிய ஒரு நாட்டில் ஒரே ஒரு பண்ணையில் உறுதியானாலும் போதும், அன்றைக்கே மற்ற நாடுகள் அதன் இறைச்சிக்கும் பாலுக்கும் கதவைச் சாத்திவிடும்.

2001-ல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன், அது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை என்றாலும் தாக்குதல் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பிப்ரவரி 19-ம் தேதி எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில், வெட்ட வந்த பன்றிகளில் கொப்புளங்களைப் பார்த்தார்கள். பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை, அங்கே பன்றிகளுக்கு எச்சில் உணவு போட்டிருக்கிறார்கள், நோய் வந்து நாளாகியும் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குள் பக்கத்து ஆடுகளுக்குப் போய், ஆடுகள் சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து நாலா பக்கமும் லாரி ஏறிவிட்டன. முதல் பன்றியைக் கண்டுபிடித்த நேரத்தில் 50-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் வைரஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. முடியும்போது 2,000-க்கும் அதிகமான இடங்களில் நோய், 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன, அரசுக்கும் தனியாருக்கும் சேர்த்து சுமார் 800 கோடி பவுண்டு போயிற்று. ராணுவத்தை இறக்கினார்கள். மே மாதம் நடக்கும் என்று எதிர்பார்த்த பொதுத் தேர்தலையே ஜூன் 7-க்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு மாட்டு நோய் நாடாளுமன்றத் தேர்தலைத் தள்ளிவைத்தது!

சரி, அதே நாட்டில் ஆறு வருஷம் கழித்து என்ன நடந்தது? 2007 ஆகஸ்டில் சர்ரே பகுதியில் மறுபடி கோமாரி. இந்த முறை வைரஸ் வந்தது பிர்பிரைட் என்ற இடத்தில் இருந்த கால்நடை நோய் ஆய்வகம், தடுப்பூசிக் கூடம் அடங்கிய வளாகத்தின் ஓட்டைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து (காவல் காக்க வேண்டிய இடமே கசிந்தது என்பது தனி வேதனை). ஆனால் ஆகஸ்ட் 2 அன்று தகவல் வந்தது, மறுநாள் உறுதியானது, உடனே நாடு முழுக்கக் கால்நடை நடமாட்டத்துக்குத் தடை போட்டார்கள். மொத்தமே எட்டுப் பண்ணைகளோடு முடிந்துவிட்டது.

2,000 எங்கே, எட்டு எங்கே. இரண்டு முறையும் அதே நோய், அதே நாடு. வைரஸின் வகை, அந்த வருஷத்து ஆட்டுச் சந்தை என்று வேறு காரணங்களும் உண்டுதான், ஆனால் பெரிய வித்தியாசம் என்று நான் பார்ப்பது முதல் மாட்டுக்கும் முதல் தொலைபேசி அழைப்புக்கும் நடுவில் போன நாட்களை. இந்தக் காவலைப் பற்றி என்னிடம் யார் என்ன கேட்டாலும் நான் முதலில் கேட்பது அந்த நாட்களின் கணக்கைத்தான்.

நோய் என்று சொன்னால் மாட்டைக் கொன்றுவிடுவார்கள். அப்புறம் எந்த விவசாயி வாயைத் திறப்பான்?

இதைக் கேட்டவர் பத்து மாடு வைத்திருக்கிற ஒரு பெண் விவசாயி. அம்மா, நீங்கள் கேட்டதுதான் இந்த இதழிலேயே கனமான கேள்வி.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒருவர் வந்து "மாடு நாலு நாளாகச் சரியாகத் தின்னவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றார். போனேன். மாடு தீவனத்தின் பக்கம் முகத்தைக் கொண்டுபோகிறது, முகர்கிறது, பிறகு விலகிக்கொள்கிறது. உதட்டைச் சப்புக்கொட்டுகிற சத்தம் தொழுவத்துக்கு வெளியிலேயே கேட்டது. வாயோரத்திலிருந்து எச்சில் கயிறு மாதிரி முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. வாயைத் திறந்து நாக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன், நாக்கின் மேல்தோல் அப்படியே என் கையுறையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, அடியில் பச்சைப் புண். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

"முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன், குரலை உயர்த்தித்தான் கேட்டேன், இன்றைக்கும் அதற்கு வருத்தப்படுகிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இரண்டு வருஷம் முன்னால் ஒரு கன்று செத்தது, உடனே போய்ச் சொன்னேன். ஒரு மாதம் என் பாலை யாரும் எடுக்கவில்லை. ஈட்டுத்தொகைக்கு எழுதிக் கொடுத்தேன், இன்னும் வரவில்லை." அந்த நாலு நாளில் சுற்றியிருந்த தொழுவங்களுக்கெல்லாம் நோய் போயிருந்தது. தப்பு அவருடையதா? ஒரு முறை உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை வாங்கியவர் அவர்.

ஆகவே ஈட்டுத்தொகையை நான் தர்மமாகப் பார்ப்பதில்லை, எல்லையில் ராணுவத்துக்குச் செலவு செய்வது போலத்தான் அதுவும். கொல்ல வேண்டி வந்தால் கொல்வதற்கு முன்பே மதிப்புப் போட வேண்டும், சந்தை விலைக்கு நெருக்கமாகத் தர வேண்டும், வாரங்களில் தர வேண்டும். தொகை ரொம்பக் குறைந்தால் நோயை மறைப்பார்கள், ராத்திரியோடு ராத்திரியாக மாட்டை விற்றுவிடுவார்கள், அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. சந்தை விலைக்கு மேலே போனாலும் தப்பு, நோயை வரவழைத்துக்கொள்கிற ஆசையை அது கிளப்பும். மாடு போனது மட்டுமே நஷ்டமும் இல்லை. தொழுவம் காலியாகக் கிடக்கிற மாதங்களுக்கு அந்தக் குடும்பம் எதைத் தின்னும் என்பதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் இதைத்தான் விட்டுவிடுகின்றன, எனக்கு ரொம்பக் கோபம் வருகிற இடமும் இதுதான்.

ஒரு நோய் தானாக வந்ததா, யாராவது கொண்டுவந்து விட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதல் நாளில் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. 1984-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டால்ஸ் என்ற சின்ன ஊரில் 751 பேருக்கு சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. பத்து உணவகங்களின் சாலட் மேசைகளிலிருந்து வந்தது என்பது வரைக்கும் பிடித்துவிட்டார்கள், ஆனால் சமையல் ஆட்கள் கை கழுவாததுதான் காரணமாக இருக்கும் என்று விசாரணை முடிந்தது. உள்ளூர்த் தேர்தலில் மக்களை ஓட்டுப் போட வரவிடாமல் செய்வதற்காக அருகிலிருந்த ரஜனீஷ் ஆசிரமத்துக்காரர்கள் சிலர் செய்த வேலை அது என்று வெளியே வந்தது ஒரு வருஷம் கழித்து, அதுவும் அந்த ஆசிரமத்துக்குள் சண்டை வந்ததால்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்றே. பிரித்து வை, நடமாட்டத்தை நிறுத்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பு, அக்கம்பக்கம் பார். யார் செய்தது என்ற விசாரணை பக்கத்திலேயே தனியாக ஓடட்டும். ஒரே நாளில் சம்பந்தமில்லாத பல இடங்களில் நோய் தலைகாட்டுவது, அந்தப் பகுதியில் இதுவரை இல்லாத வகை வருவது, பருவம் பொருந்தாமல் வருவது, இதெல்லாம் பார்த்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வர வேண்டும். அப்போது காவல்துறையும் கால்நடைத் துறையும் ஒருவர் எண் ஒருவரிடம் இல்லாமல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மாதிரியைச் சீல் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைத்தால்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்கும். எங்கள் காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்காவது கட்டாயம் சொல்லித் தர வேண்டும்.

பொய்யாக மிரட்டினாலே போதும், நாடு பயந்துவிடும் போலிருக்கிறதே? வாட்ஸ்அப்பில் தினமும் ஒன்று வருகிறது.

உண்மைதான். 1989 மார்ச்சில் சிலி நாட்டுத் திராட்சையில் சயனைடு வைத்திருப்பதாக அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குத் தொலைபேசி வந்தது. பிலடெல்பியா துறைமுகத்தில் வந்திறங்கிய சரக்கைச் சோதித்ததில் இரண்டே இரண்டு திராட்சையில் மிகச் சிறிய அளவு சயனைடு இருந்ததாகச் சொன்னார்கள். உடனே சிலியின் பழங்கள் அத்தனைக்கும் தடை, கடைகளிலிருந்து எடுத்து அழித்தார்கள். அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு நாட்டின் பழத்தோட்டக்காரர்களும் கூலியாட்களும் நட்டாற்றில் நின்றார்கள். 2018-ல் ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ராபெர்ரியில் ஊசி இருந்தது என்று ஒரு செய்தி வந்தது, அடுத்த நாட்களில் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள். அதில் பல வெறும் குறும்பு, சில மற்றவர்களைப் பார்த்து அதே மாதிரி செய்தது. விவசாயிகள் நல்ல பழத்தை டன் கணக்கில் குழியில் கொட்டினார்கள். அதிகபட்சத் தண்டனையை 10 வருஷத்திலிருந்து 15 வருஷமாக உயர்த்தி அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நியூசிலாந்து 2005-ல் செய்தது எனக்குப் பிடிக்கும். வைஹெகே என்ற தீவில் கோமாரி வைரஸை விட்டுவிட்டோம் என்று ஒரு மிரட்டல் கடிதம். பொய்யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைத்தாலும் அவர்கள் தீவின் கால்நடைப் போக்குவரத்தை நிறுத்தி, நோய் வெளிப்படத் தேவையான காலம் முழுக்க மாடுகளையும் ஆடுகளையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். கூடவே, இன்று என்ன பார்த்தோம் என்று வெளிநாட்டுச் சந்தைகளுக்கும் சொந்த மக்களுக்கும் மறைக்காமல் சொன்னார்கள். நோய் இல்லை, கடிதம் பொய்.

உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலேயே ஒரு பொட்டலத்தில் சந்தேகம் வந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள், சுவைத்துப் பார்க்காதீர்கள். உறையோடு அப்படியே மூடித் தனியாக எடுத்து வைத்து, அதிலுள்ள தயாரிப்பு எண்ணைப் பார்த்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லுங்கள். நீங்கள் போடுகிற ஒரு படத்தைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம், எந்தக் கூடத்தில் எந்த நாளில் நிரப்பியது என்பதை அது காட்டிவிடும்.

பால் பதப்படுத்தும் கூடத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்குச் சுத்தம் பற்றித்தான் பயிற்சி தருகிறார்கள். வேண்டுமென்றே கெடுப்பவனைச் சுத்தம் தடுக்குமா, டாக்டர்?

தடுக்காது தம்பி. சுத்தம் தவறுதலாக வருகிறதைத் தடுக்கும். தெரிந்தே கெடுக்க வருகிறவன் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, அடையாள அட்டையோடு, உங்கள் பக்கத்திலேயே நிற்கலாம். ஜப்பானில் 2013 கடைசியில் உறைந்த உணவுப் பொட்டலங்களில் பூச்சிமருந்து வாடை அடிக்கிறது என்று புகார் வந்து, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களைத் திரும்பப் பெற்றார்கள். கலந்தது அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒருவர், சம்பளக் குறை அவருக்கு. சம்பளத்தையும் மரியாதையையும் ஒழுங்காகக் கொடுப்பது உணவுக் காவலில் ஒரு பகுதி என்று நான் சொன்னால் நிர்வாகிகள் வேறு பக்கம் பார்க்கிறார்கள், ஆனால் அது உண்மை.

நீங்கள் தினமும் பார்க்கிற டேங்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் ஏற்றியதும் மேல்மூடியிலும் பின்னாலுள்ள வால்விலும் எண் போட்ட சீலை மாட்டுகிறார்கள், அந்த எண்ணைச் சீட்டில் எழுதுகிறார்கள். வண்டி உங்கள் வாசலுக்கு வந்ததும் ஒருவர் ஏணியில் ஏறி மூடியில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும், சீல் லேசாக நெளிந்திருந்தாலும் பாலை இறக்கக் கூடாது. இதைப் பல இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? மழை, இருட்டு, வரிசையில் பத்து வண்டி, கீழே நின்றபடியே சீட்டைப் பார்த்து "சரி" என்று எழுதிவிடுகிறார்கள். பல பண்ணைகளின் பால் ஒன்றாகச் சேரும் இடம் அது, அங்கே நடக்கிற ஒரு தப்பு அன்று மாலையே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்விடும். ஏணியில் ஏறுங்கள் தம்பி. யாராவது அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல்லி இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் 2016-ல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தார்கள், பெரிய உணவு நிறுவனங்கள் தங்கள் கூடத்தில் கெடுக்க எளிதான இடம் எது என்று தாங்களே கண்டுபிடித்து, அங்கே என்ன தடை வைத்திருக்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்று. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம், அரை நாள் வேலை. வெளியாள் யாரும் வேண்டாம், உங்களைப் போல அங்கேயே நிற்கிறவர்களைக் கேட்டாலே போதும்.

லாபத்துக்காகக் கெடுப்பவனையும் மறக்காதீர்கள். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தவர்கள் யாரையும் கொல்ல நினைக்கவில்லை, புரதச் சோதனையை ஏமாற்ற நினைத்தார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. இறந்த குழந்தைக்கு அவன் என்ன நினைத்தான் என்பதில் என்ன வித்தியாசம்?

கணினி வழியாக உணவைத் தாக்க முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. உலகிலேயே பெரிய இறைச்சி நிறுவனமான ஜேபிஎஸ்ஸின் கணினிகளை 2021 மே கடைசியில் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் ஆலைகள் நின்றன. 1.1 கோடி டாலர் கொடுத்தார்கள். இதில் என் கவலை, ஆலை நின்றாலும் மாடு நிற்காது, கோழி வளர்வதை நிறுத்தாது, பால் கறந்துதான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் கையால் செய்யத் தெரிந்த இரண்டு பேரையாவது ஒவ்வொரு கூடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? எங்கள் பகுதி முழுக்க ஒரே ரகம்தான் போடுகிறோம்.

நான் மாட்டு வைத்தியன், ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கும் தெரிந்ததுதான். 1970-ல் அமெரிக்காவில் மக்காச்சோளத்தில் இலைக்கருகல் நோய் வந்து அந்த வருஷ விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. காரணம், விதை தயாரிக்க வசதியாக இருந்தது என்று நாட்டின் மக்காச்சோளத்தில் பெரும்பகுதிக்கு ஒரே தாய்வழிப் பண்பைப் புகுத்தியிருந்தார்கள், அந்தப் பண்புக்குப் பொருத்தமாக ஒரு பூஞ்சை வந்து சேர்ந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி போட்டது மாதிரி. வேண்டுமென்றே தாக்குகிறவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? உங்கள் பகுதியில் மூன்று நாலு ரகமாவது கலந்து போடுங்கள், விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

விதையைக் காப்பதும் இதே கதைதான். சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் வறண்ட நிலப் பயிர்களுக்கான ஒரு பெரிய விதை வங்கி இருந்தது, இக்கார்டா என்று பெயர். போரில் அங்கே வேலை செய்ய முடியாமல் போயிற்று. ஆனால் முன்யோசனையாக, 2008-ல் திறந்த நார்வேயின் ஸ்வால்பார்டு பனிக்கிடங்கில் நகல் விதைகளை வைத்திருந்தார்கள். 2015-ல் அதிலிருந்து எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் ஒரு பகுதியைத் திருப்பியும் வைத்தார்கள்.

புதிதாக ஒரு நோய் வந்தால் வேகம்தான் முக்கியம் என்பது பயிருக்கும் பொருந்தும். 2016-ல் வங்கதேசத்தில் கோதுமையில் குலைநோய் வந்தது, அதுவரை ஆசியாவில் பார்க்காத நோய். விஞ்ஞானிகள் அந்தப் பூஞ்சையின் மரபுத் தகவலைப் பூட்டி வைக்காமல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், அது தென் அமெரிக்கக் கோதுமையில் இருக்கும் வகை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

போரில் தானியக் கிடங்குகளைக் குண்டு போட்டு அழிக்கிறார்களே, அதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

சட்டம் இருக்கிறது. 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களுடன் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 54-வது பிரிவு, பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர் முறையாகப் பயன்படுத்தக் கூடாது, பயிர், கால்நடை, குடிநீர் போன்றவற்றை அதற்காக அழிக்கக் கூடாது என்று சொல்கிறது. 2018 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையும் 2417-ம் தீர்மானத்தில் இதைக் கண்டித்தது. ஆனாலும் உக்ரைன் தானியத்தைக் கப்பலில் அனுப்ப வழி செய்த கருங்கடல் தானிய ஒப்பந்தம் 2023 ஜூலையில் முடிந்த சில நாளிலேயே, ரஷ்யத் தாக்குதலில் ஒடேசா பகுதித் துறைமுகத்தில் சுமார் 60,000 டன் தானியம் அழிந்ததாக உக்ரைன் சொன்னது. சட்டம் வேண்டும், அதை மட்டும் நம்பி ஒரு நாடு உட்கார முடியாது. சுவிட்சர்லாந்தில் கோதுமை, எண்ணெய் போன்றவற்றை இறக்குமதி செய்கிற நிறுவனங்கள் சில மாதத் தேவைக்கான சரக்கை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒரே பெரிய கிடங்கில் குவிக்காமல் பல இடங்களில் பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் மற்றவை மிஞ்சும்.

பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறேன். இவ்வளவும் படித்தால் தலை சுற்றுகிறது. நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

முதலில் வாசலைப் பாருங்கள். உள்ளே வர ஒரே வழி இருக்கட்டும், ராத்திரியில் பூட்டுங்கள். வாசலில் ஒரு அகலமான தொட்டியில் கிருமிநாசினி ஊற்றி வையுங்கள், யார் வந்தாலும், நான் வந்தாலும், செருப்பில் ஒட்டிய சாணத்தை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு அதில் மிதித்து வரச் சொல்லுங்கள். சாணம் ஒட்டியபடி மிதித்தால் மருந்து வேலை செய்யாது. தொட்டியில் நீர் கலங்கியதும் மாற்றுங்கள், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிற தொட்டி வெறும் சேற்றுத் தண்ணீர்தான். புது மாடு வாங்கினால் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், அதற்குத் தனி வாளி, தனி ஆள், ஆள் கிடைக்காவிட்டால் மற்ற மாடுகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக அதைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். பூச்சிமருந்தும் தீவனமும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, மருந்து அறைக்குப் பூட்டு வேண்டும். தீவன மூட்டை திறக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தேதி எழுதிப் பையில் கட்டி வையுங்கள், நாளைக்குப் பிரச்சினை என்றால் சோதிக்க அதுதான் இருக்கும். யார் வந்தார்கள், எந்த வண்டி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சம்பந்தமில்லாத ஆள் திரும்பத் திரும்பத் தொழுவத்தைப் பற்றியே விசாரித்தால் அதையும் எழுதுங்கள்.

அப்புறம் தினமும் காலையில் தீவனம் போட்டதும் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பன்னிரண்டும் தின்கிறதா, எது தலையைத் திருப்புகிறது, எது காலை மாற்றுகிறது, எதற்கு எச்சில் ஒழுகுகிறது என்று பாருங்கள். ஒன்று வித்தியாசமாக நின்றால் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீர்கள், மாட்டை வெளியே ஓட்டாமல், நீங்களும் பக்கத்துத் தொழுவத்துக்குப் போகாமல், கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அவருடைய எண் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். தொழுவத்துச் சுவரில், மாடு நக்காத உயரத்தில், பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.